கெயின் மூன்று, மிடில் ஏழு

மலிவு விலை மாடலிங் ஆம்ப் ஒன்றைக் கடையில் ஆன் செய்ததும் வருகிற முதல் சத்தம் விற்பனைக்கான சத்தம். முதல் பிரீசெட்டிலேயே கெயின் முக்கால்வாசி ஏறியிருக்கும். அதன்மேல் ரிவெர்ப், அதன்மேல் டிலே, போதாததற்குக் கொஞ்சம் கோரஸ். ஒரு கம்பியைத் தட்டினாலே ஸ்டேடியத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். கடையில் ஏசி இரையும், பக்கத்தில் யாரோ கீபோர்டை நோண்டிக்கொண்டிருப்பார். அத்தனையையும் தாண்டி நம் காதைப் பிடித்தாக வேண்டுமே. வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு நாள் வாசித்தால் தலை வலிக்கும். அப்புறம் "சீப் ஆம்ப், இவ்ளோதான் வரும்" என்று மூலையில் போட்டுவிட்டு அடுத்ததற்குக் காசு சேர்க்க ஆரம்பிப்போம். எனக்குத் தெரிந்த மூன்று வீடுகளில் இப்படி மூலையில் உட்கார்ந்திருக்கும் ஆம்புகளைப் பார்த்திருக்கிறேன். அதில் ஒன்று இப்போது என்னிடம் இருக்கிறது. எட்டு வருடப் பழசு, எட்டு அங்குல ஸ்பீக்கர், 25 வாட். ஆறாயிரம் ரூபாய்க்குக் கொடுத்த நண்பன் முகத்தில், பாரத்தை இறக்கி வைத்த நிம்மதி.

நான் இருப்பது ஆரம்பாக்கம் பக்கம். சென்னையிலிருந்து சூளூர்பேட்டை போகும் வண்டியில் ஏறினால் கும்மிடிப்பூண்டி, எளாவூர், அப்புறம் ஆரம்பாக்கம். அதற்கடுத்த ஸ்டேஷன் தடா, அது ஆந்திரா. ஸ்டேஷனிலிருந்து கிழக்கே போனால் பழவேற்காடு ஏரி. கரையில் எங்கள் குப்பம். ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே கோட் எழுதுகிறேன், இரண்டு நாள் சென்னைக்குப் போய் வருகிறேன். கிட்டார், இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டலில் தொற்றிய பழக்கம். இந்தக் கட்டுரை அந்த ஆறாயிரம் ரூபாய் பெட்டியிலிருந்து நல்ல சத்தம் எடுப்பது பற்றி. நல்ல சத்தம் என்றால் யார் காதுக்கு நல்ல சத்தம் என்ற கேள்வியும் கூடவே வரும். எங்கள் வீட்டில் அதைத் தவிர்க்க முடியாது.

மாடலிங் ஆம்ப் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: வால்வு ரேடியோவைப் போல நடிக்கத் தெரிந்த கம்ப்யூட்டர். ராக் கிட்டாரின் புகழ்பெற்ற சத்தங்கள் எல்லாம் ஃபெண்டர், மார்ஷல், வாக்ஸ் மாதிரியான வால்வு ஆம்புகளிலிருந்து வந்தவை. வால்வுக்குத் தாங்குகிற அளவைவிட அதிகமாக சிக்னலை ஊட்டினால் அது அலையின் உச்சியை வெட்டும். ஆனால் கத்தரிக்கோலால் வெட்டுகிற மாதிரி வெட்டாது, கூழாங்கல்லை ஆறு தேய்க்கிற மாதிரி மழுக்கும். அந்த மழுங்கலைத்தான் நாம் டிஸ்டார்ஷன் என்று ஆசையாகக் கேட்கிறோம். சிக்கல் என்னவென்றால் அந்த ஆம்புகள் விலையும் அதிகம், எடையும் அதிகம். ஒரு ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் கிட்டத்தட்ட 29 கிலோ. அதோடு அவை நன்றாகப் பேச ஆரம்பிப்பது வால்யூமை நிறையக் கூட்டிய பிறகுதான். எங்கள் தெருவில் ராத்திரி இரண்டரை மணிக்கு ஏரிக்குப் போகிறவர்கள் எட்டரைக்கே படுத்துவிடுவார்கள். அங்கே 85 வாட் வால்வு ஆம்பைத் திறந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

1996-ல் கலிபோர்னியாவைச் சேர்ந்த லைன் 6 கம்பெனி ஆக்ஸிஸ் 212 என்ற ஆம்பைக் கொண்டுவந்தது. வால்வு ஆம்புகளின் நடத்தையைக் கணக்காக எழுதி, சிப்பில் ஓடவிட்டது. இரண்டு வருடம் கழித்து அதே கம்பெனியிலிருந்து பாட் வந்தது, சிவப்பாக, மொச்சைக்கொட்டை வடிவத்தில். ஸ்டுடியோக்காரர்கள் முதலில் சிரித்தார்கள், அப்புறம் வாங்கினார்கள். 2016-ல் பாஸ் கம்பெனியின் கட்டானா வந்தபோது, காலேஜ் பையன்கள் கைக்கெட்டும் விலையில் மேடைக்கே எடுத்துப் போகலாம் போன்ற மாடலிங் ஆம்ப் கிடைத்துவிட்டது. இன்று பத்துப் பதினைந்து கம்பெனிகள் இதைச் செய்கின்றன. மலிவானவற்றுக்குள் எது சிறந்தது என்ற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. எல்லாவற்றிலும் நல்ல சத்தம் இருக்கிறது. எல்லாமே அதை மோசமான பிரீசெட்டுகளுக்கு அடியில் புதைத்து வைத்துத்தான் விற்கின்றன.

இந்த மாடல்களுக்குள் எனக்குப் பிடித்த ஒரு திருகு இருக்கிறது. ஆப்பில் மூன்றாவது பக்கத்தில் ஒளிந்திருக்கும். பெயர் சாக். வால்வு ஆம்பில் கம்பியை ஓங்கி அடிக்கும்போது பவர் சப்ளை ஒரு நொடி திணறும், வோல்டேஜ் இறங்கும், அந்த ஸ்வரம் முதலில் அமுங்கி அப்புறம் மலரும். பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டால் நம் வீட்டு பல்பு மங்குமே, அதேதான். எடி வான் ஹேலன் தன் மார்ஷல் ஆம்புக்குப் போகிற கரண்ட்டை வேரியாக் வைத்து வேண்டுமென்றே குறைத்தார். 1978-ல் வந்த முதல் ஆல்பத்தில் கேட்கிற அந்தச் சத்தத்துக்கு 'பிரவுன் சவுண்ட்' என்று பெயரே நிலைத்துவிட்டது. உலகம் முழுக்க கிட்டார்காரர்கள் வோல்டேஜ் குறைந்த சத்தத்துக்காக ஏங்க, எங்கள் குப்பத்தில் சாயங்காலம் ஏழு மணிக்கு வோல்டேஜ் தானாகவே குறைகிறது. ஆனால் என் ஆம்பில் உள்ளது கம்ப்யூட்டர். வோல்டேஜ் குறைந்தால் அது மலராது, ரீஸ்டார்ட் ஆகும். அதனால் ஸ்டெபிலைசர் போட்டு நிஜமான சாகை நிறுத்திவிட்டு, ஆப்பில் பொய்யான சாகை ஏற்றி வைத்திருக்கிறேன்.

சரி, வேலைக்கு வருவோம். முதல் காரியம், எல்லா எஃபெக்டையும் அணைத்துவிடுவது. பாஸ், மிடில், ட்ரெபிள் மூன்றும் பாதியில். க்ளீன் அல்லது க்ரஞ்ச் மாடல் ஒன்று. கெயின் கீழே. அதற்குப் பிறகு தொட வேண்டியது டோன் அல்ல, மாஸ்டர் வால்யூம். எந்த அளவு சத்தத்தில் வாசிக்கப் போகிறோமோ அந்த அளவுக்கு அதை முதலிலேயே வைத்துவிட வேண்டும்.

காரணம் காதில் இருக்கிறது. 1933-ல் பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு பேர் மனிதக் காது எந்தச் சுருதியை எவ்வளவு சத்தமாக உணர்கிறது என்று அளந்து வளைவுகள் வரைந்தார்கள். மெல்லிய சத்தத்தில் நம் காதுக்கு பாஸ் சரியாகக் கேட்காது, உச்ச ட்ரெபிளும் கொஞ்சம் மங்கும், நடுவில் இருப்பது மட்டும் தெளிவாகக் கேட்கும். சத்தம் ஏற ஏற எல்லாம் சமமாகி வரும். அதனால் ராத்திரி பத்து மணிக்கு மெதுவாக வைத்துச் செதுக்கிய டோனில் பாஸும் ட்ரெபிளும் தாராளமாக ஏறியிருக்கும். அதையே மறுநாள் பிராக்டிஸில் சத்தமாக வைத்தால் கீழே பறை, மேலே பிளேடு. 'நேத்து நல்லா இருந்துச்சே, ஆம்ப் ரிப்பேரா' என்று நண்பர்கள் கேட்கும்போது நான் கேட்கும் முதல் கேள்வி, நேற்று எவ்வளவு சத்தத்தில் வைத்திருந்தாய் என்பது. ஒரே டோனை இரண்டு வால்யூமுக்கும் வைத்துக்கொள்ள முடியாது. வீட்டுக்கு ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு பிரீசெட் செய்துகொள்வதுதான் வழி. மாடலிங் ஆம்பில் அதற்குக் காசா பணமா.

அடுத்து பெட்டியைத் தரையிலிருந்து தூக்குங்கள். இது ஒரு பைசா செலவில்லாத விஷயம், ஆனால் செய்பவர் பாதிப் பேர்கூட இல்லை. தரையும் சுவரும் பாஸைக் கூட்டிக் காட்டும், ஆகவே மூலையில் வைத்த ஆம்ப் எப்போதும் குழறும். அதைவிட முக்கியமானது ட்ரெபிள் பயணம் செய்யும் விதம். பாஸ் எல்லாப் பக்கமும் பரவும், ட்ரெபிள் டார்ச் லைட் மாதிரி நேராகப் போகும். நாம் நின்றுகொண்டு வாசிக்கிறோம், ஆம்ப் கணுக்காலுக்குப் பக்கத்தில் இருக்கிறது, டார்ச் நம் முட்டியைப் பார்த்து அடிக்கிறது. காதுக்கு ட்ரெபிள் வரவில்லையே என்று நாம் ஏற்றிக்கொண்டே போவோம். எதிரே திண்ணையில் உட்கார்ந்திருப்பவரின் காதில்தான் அது மொத்தமும் இறங்கும். ஒரு பிளாஸ்டிக் சேர் மேல் ஆம்பைச் சற்றுச் சாய்த்து, ஸ்பீக்கர் நம் முகத்தைப் பார்க்கிற மாதிரி வைத்தால் போதும். ட்ரெபிளை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று காதே சொல்லிவிடும். எங்கள் வீட்டில் கூடுதல் வசதி ஒன்று உண்டு. அறையின் ஒரு மூலையில் கூரை வரைக்கும் பழைய வலை குவிந்து கிடக்கிறது. வெறும் சிமெண்ட் சுவரில் கைதட்டினால் வரும் டிர்ர் என்ற எதிரொலி அந்தப் பக்கம் வருவதில்லை. ஸ்டுடியோக்காரர்கள் காசு கொடுத்து நுரைப் பலகை ஒட்டுகிறார்கள். நாங்கள் நண்டு வாசனையோடு இலவசமாகப் பெறுகிறோம்.

கெயின் பற்றி இரண்டு வார்த்தை. ரெக்கார்டிங்கில் மலை மாதிரிக் கேட்கும் ஹெவி கிட்டார் பெரும்பாலும் ஒரு கிட்டார் இல்லை. ஒரே பாகத்தை இரண்டு முறை, நான்கு முறை தனித்தனியாக வாசித்து அடுக்கியிருப்பார்கள். ஒவ்வொன்றிலும் கெயின் நாம் நினைப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். அந்த மலையை ஒற்றைக் கிட்டாரில் கொண்டுவர கெயினை ஒன்பதுக்கு ஏற்றினால் கிடைப்பது தேனீக் கூடு. மிடில் அதைவிடப் பாவம். தனியாக வாசிக்கும்போது மிடிலைக் குறைத்தால் சத்தம் அகலமாக, பளபளப்பாக இருக்கும். கூட ஒரு டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்த உடனே கிட்டார் காணாமல் போய்விடும். ஆறாம் கம்பியின் அடி ஸ்வரம் 82 ஹெர்ட்ஸ், ஒன்றாம் கம்பியின் பன்னிரண்டாம் ஃபிரெட் 659 ஹெர்ட்ஸ். கிட்டார் ஸ்பீக்கர்கள் ஐயாயிரத்தைத் தாண்டினால் பெரிதாக எதையும் தருவதில்லை. ஆக இந்த வாத்தியம் குடியிருக்கிற வீடே மிடில்தான். அந்த வீட்டை இடித்துவிட்டு வாசலில் சீரியல் லைட் போடுகிறோம். ஹெட்போனில் வாசிப்பவர்கள் கேபினட் சிமுலேஷனை ஆன் செய்துவிட்டு, எண்பது ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் ஐயாயிரம், ஆறாயிரத்துக்கு மேலேயும் வெட்டிப் பாருங்கள். மலிவு ஆம்பில் "டிஜிட்டலா கேக்குது" என்று திட்டுவதில் பாதி அந்த மேல் துண்டுதான்.

உப்புக்காற்று எங்கள் ஊரின் தனிப்பட்ட டோன் கண்ட்ரோல். புதுக் கம்பி போட்டால் மூன்றாவது வாரம் விரலில் கருப்பு ஒட்டும், சத்தத்தில் மினுக்கம் போய் மரக்கட்டையாகும். அந்த நிலையில் ஆப்பைத் திறந்து எந்த மாடலை மாற்றினாலும் பிரயோஜனமில்லை. வாசித்து முடித்ததும் உலர்ந்த பனியன் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடிப்பக்கமும் சேர்த்துத் துடைத்து, கிட்டாரை உறையில் மூடி வைப்பது எங்கள் வீட்டில் படகு இன்ஜினுக்கு எண்ணெய் போடுகிற மாதிரியான கடமை. வால்யூம் திருகு கரகரத்தால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனர். அவ்வளவுதான்.

எர்த்திங் கதை கொஞ்சம் பெரியது. பழைய வீடு, சுவரில் மூன்று ஓட்டை பிளக் இருக்கும், மேல் ஓட்டைக்குப் பின்னால் ஒயர் இருக்காது. கிட்டாரை மாட்டியதும் ம்ம்ம் என்று ஐம்பது ஹெர்ட்ஸில் ஆம்ப் ஓம்காரம் ஓதும். கம்பியைத் தொட்டால் அது குறையும். குறைகிறதே என்று சந்தோஷப்படக் கூடாது, நம் உடம்பையே எர்த்தாகப் பயன்படுத்துகிறோம் என்று அர்த்தம். ஈரக் காலோடு நிற்கும் ஊரில் இது விளையாட்டில்லை. நாய்ஸ் கேட் போட்டு இந்த இரைச்சலை மறைக்கலாம், ஆனால் மறைப்பது மட்டும்தான் நடக்கும். எலெக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டு, பின்பக்கம் ஜிஐ பைப் இறக்கி எர்த் போட்டோம். வழக்கமாகக் குழியில் கரியும் உப்பும் போடுவார்கள், மண் கரண்ட்டை நன்றாகக் கடத்துவதற்கு. அவர் மண்ணை ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு உப்பு வேற போடணுமா தம்பி" என்றார். இரைச்சல் முக்கால்வாசி போய்விட்டது. மிச்சம் இருந்தது ஃபேன் ரெகுலேட்டரும் லேப்டாப் சார்ஜரும். சிங்கிள் காயில் பிக்கப் உள்ள கிட்டாரோடு உட்கார்ந்தபடியே கொஞ்சம் திரும்பினால் ஒரு கோணத்தில் அதுவும் அடங்குகிறது. அந்தக் கோணத்தில் என் முகம் ஏரியைப் பார்த்திருக்கும்.

ஆம்பே இல்லாமல் லேப்டாப்பிலும் செய்யலாம். நியூரல் ஆம்ப் மாடலர் என்று ஒன்று இருக்கிறது. ஸ்டீவன் அட்கின்சன் என்பவர் எழுதித் திறந்த மூலமாக, இலவசமாகக் கொடுத்திருக்கிறார். வால்வு என்ன, டிரான்ஸ்ஃபார்மர் என்ன என்று அதற்கு எதுவும் தெரியாது. ஆம்புக்குள் போன சத்தத்தையும் வெளியே வந்த சத்தத்தையும் கொடுத்தால் நடுவில் என்ன நடந்திருக்கும் என்று நியூரல் நெட்வொர்க் தானே கற்றுக்கொள்ளும். பகலில் அலுவலகத்துக்காக இந்த மாதிரி மாடல்களோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு ராத்திரி அதே கணக்கு மார்ஷலாக உறுமுவதைக் கேட்க ஒரு தனி திருப்தி. தாமதம் பற்றிப் பயப்படுபவர்களுக்கு ஒரு கணக்கு: 44,100 சாம்பிள் வேகத்தில் 128 சாம்பிள் பஃபர் என்பது 2.9 மில்லி செகண்ட். அந்த நேரத்தில் சத்தம் காற்றில் ஒரு மீட்டர் போகும். ஆம்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி உட்கார்வதும் அதுவும் ஒன்றுதான்.

நம் பக்கத்து ஆட்களுக்கு ஆம்பின் மேல் வேறு ஒரு தேவையும் இருந்தது. கமகத்துக்கு ஸ்வரம் நீள வேண்டும். மரத்தாலான சாதாரண மாண்டலினில் அடித்த சத்தம் சட்டென்று செத்துவிடும். உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) எலெக்ட்ரிக் மாண்டலினை எடுத்து, ஜோடிக் கம்பிகளை விட்டுவிட்டு ஐந்து ஒற்றைக் கம்பிகளாக மாற்றிக்கொண்டார். ஆம்ப் வந்ததால் சத்தம் நின்றது, சத்தம் நின்றதால் தோடி வந்தது. கிட்டாரில் ராணிப்பேட்டை பிரசன்னா. ஐஐடி மெட்ராஸில் கப்பல் கட்டுமானப் பொறியியல் படித்துவிட்டு பெர்க்லிக்கு இசை படிக்கப் போனவர். 2006-ல் ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்காக 'எலெக்ட்ரிக் கணேசா லேண்ட்' என்ற ஆல்பத்தைக் கொண்டுவந்தார். கப்பல் படித்தவர் கிட்டாருக்குப் போனதை எங்கள் வீட்டில் சொன்னபோது அம்மா, "படகு ஓட்ரவன் வூட்டுப் புள்ள மட்டும் இன்னாவாம்" என்றார். கமகம் வாசிக்க கெயின் நிறையத் தேவையில்லை. க்ளீன் மாடல், முன்னால் ஒரு கம்ப்ரெஸர், மெல்லிய கம்பி. கம்ப்ரெஸர் பெரிய சத்தத்தை அமுக்கி, சாகப் போகிற சத்தத்தைத் தூக்கிப் பிடிக்கும். மலிவு ஆம்புகளில்கூட இது இருக்கிறது, யாரும் தொடுவதில்லை, ஏனென்றால் கடையில் இது 'பெருசா' கேட்காது.

இப்போது நைனா. காசிமேட்டில் இருபத்தெட்டு வருடம் விசைப்படகில் டிரைவராக இருந்தார். மீன்பிடித் தடைக்காலம் 61 நாளாகிவிட்ட பிறகுதான் வருடத்தில் இரண்டு மாதம் முழுசாக வீட்டில் இருந்தார். அப்போதுதான் கவனித்தோம், அம்மா பேசுவது அவருக்குக் கேட்கிறது, ஆனால் புரியவில்லை. "கட்டு" என்றால் "எந்தத் தட்டு" என்பார். சென்னையில் ஒரு மருத்துவமனையில் காது பரிசோதனை செய்தார்கள். கிராஃபில் ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை கோடு பரவாயில்லாமல் வந்து, மூவாயிரத்தில் சரிந்து, நாலாயிரத்தில் கிணறு மாதிரி இறங்கி, எட்டாயிரத்தில் கொஞ்சம் ஏறியது. இன்ஜின் இரைச்சலில் வருடக்கணக்காக இருந்தவர்களின் காது இந்த வடிவத்தில்தான் தேயும் என்றார் ஆடியாலஜிஸ்ட். உயிரெழுத்துகள் கீழே இருப்பதால் கேட்கும், க, ச, த, ப-வைப் பிரித்துக் காட்டுகிற சின்னச் சின்ன உரசல்கள் மேலே இருப்பதால் போய்விடும். ரயிலில் திரும்பும்போது அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். என் ஆப்பில் தினமும் பார்க்கிற ஈக்யூ வளைவு மாதிரியே இருந்தது. யாரோ பிரஸன்ஸை முழுக்க இறக்கி சேவ் செய்துவிட்டார்கள். அண்டூ கிடையாது.

நைனாவுக்கு டிவி கேட்காதது பெரிய விஷயமாக இல்லை. மடவை துள்ளுவது கேட்காததுதான் விஷயம். இப்போது அவர் ஏரியில்தான் தொழில் செய்கிறார். இருட்டில் இன்ஜினை நிறுத்திவிட்டு, எந்தப் பக்கம் மடவை துள்ளுகிறது என்று காதால் பார்த்து வலை விடுவது அவருடைய சின்ன வயதுத் திறமை. அந்த 'சிளுக்' சத்தம் அவர் கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. இப்போது கூட வருகிற பையன்தான் கேட்டுச் சொல்கிறான். "ராக்கெட் மட்டும் நல்லா கேக்குதுடா" என்பார். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏறினால் எங்களுக்கு முதலில் வெளிச்சம்தான் வரும். ஒரு நிமிடத்துக்கும் மேலாகிப் பிறகுதான் சத்தம். அத்தனை தூரத்தில் மேல் சுருதிகளைக் காற்று தின்றுவிடும், வந்து சேர்வது வெறும் பாஸ், ஜன்னல் கம்பி அதிரும். அந்த ஒரு விஷயத்தில் ஊர் மொத்தமும் நைனாவின் காதோடுதான் கேட்கிறது.

அவருக்குப் பிடித்தது 'என் இனிய பொன் நிலாவே'. 1980-ல் வந்த மூடுபனி, இளையராஜாவின் நூறாவது படம். படகில் கேசட் வைத்திருந்தாராம். அதை அவருக்கு வாசிக்கணும் என்று உட்கார்ந்தபோது, கிராஃபில் எங்கே பள்ளமோ அங்கே ஈக்யூவை ஏற்றுவது ஒரு இன்ஜினியருக்கு முதலில் தோன்றும் யோசனை. ஆனால் ஆடியாலஜிஸ்ட் அன்றே சொல்லியிருந்தார்: தேய்ந்த காதுக்கு ஒரு அளவு வரை எதுவும் கேட்காது, அதைத் தாண்டியதும் திடீரென்று வலிக்கிற அளவு கேட்கும், நடுவில் இடமே குறைவு. ஒருநாள் நான் லீட் டோனில் வாசித்துக்கொண்டிருந்தபோது நைனா வலை முடிந்துகொண்டே, "இன்னாடா, ஊசி மாரி குத்துது" என்றது அதைத்தான்.

ஆகவே எதிர்ப்பக்கம் போனேன். நெக் பிக்கப். கிட்டாரின் டோன் திருகு பாதி. க்ளீன் மாடல், கெயின் கொஞ்சம், ஓரம் லேசாகக் கரகரக்கிற அளவு. எண்ணூறு ஹெர்ட்ஸ் சுற்றி நாலு டெசிபல் ஏற்றம், மூவாயிரத்துக்கு மேலே இறக்கம். ரிவெர்ப் சுத்தமாகக் கிடையாது, ஏனென்றால் தேய்ந்த காதுக்கு ரிவெர்ப் என்பது எழுத்தின் மேல் தண்ணீர் ஊற்றுவது. பாட்டையும் ஒரு ஆக்டேவ் கீழே இறக்கி, மூன்றாம், நான்காம் கம்பிகளில் வாசித்தேன். எந்தக் கிட்டார் பயலுக்கும் இந்த டோன் பிடிக்காது, போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். ஆம்பைச் சேரோடு தூக்கித் திண்ணைப் பக்கம், அவருடைய நல்ல காது இருக்கும் இடது பக்கமாகத் திருப்பி வைத்தேன்.

"நைனா, கேக்குதா?"

வலை ஊசியை வாயில் கவ்விக்கொண்டு தலையை ஆட்டினார். பல்லவி முடிந்து சரணம் போனதும் ஊசியை எடுத்துவிட்டுச் சொன்னார், "இப்ப பேசுதுடா. முன்னலாம் கத்தும்."

அந்த பிரீசெட் ஆப்பில் நாற்பத்தோராவது இடத்தில் 'நைனா' என்ற பெயரில் இருக்கிறது. முதல் நாற்பதும் கம்பெனி கொடுத்தவை, இன்னும் அழிக்கவில்லை. காது மெஷின் வாங்கியிருக்கிறோம். வீட்டில் போடுகிறார், ஏரிக்குப் போகும்போது டப்பாவில் வைத்துவிட்டுப் போகிறார். உப்புத் தண்ணி பட்டா வீணாயிடும், கம்பி மாதிரி மாத்திக்க முடியாதே என்கிறார். நியாயம்தான்.

ஆடி மாதம் அம்மன் கோயில் திருவிழாவுக்கு ஊர்ப் பசங்களின் மெல்லிசைக் குழு. கிட்டார் வாசிக்கிறவன் ஐடிஐ படிக்கிற பையன், கிட்டார் சொந்தம், ஆம்ப் கிடையாது. "ண்ணா, உன் பொட்டி ஒருநாள் குடு" என்று வந்து நின்றான். திறந்தவெளியில் எட்டு அங்குல ஸ்பீக்கர் கொசு மாதிரி. சுவரும் கூரையும் இல்லாததால் அறையில் கிடைத்த பாஸ் எல்லாம் கடலுக்குப் போய்விடும். அதனால் ஆம்பின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து ஒயர் எடுத்து ரேடியோ செட்காரரின் மிக்ஸருக்குக் கொடுத்தோம், கேபினட் சிமுலேஷனை ஆன் செய்து. ஆம்பை அவன் பக்கத்தில் மானிட்டராக வைக்க முடியாது, ஒயரைச் சொருகியதும் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். ரேடியோ செட்காரர் ஒரு பழைய பாக்ஸை அவன் பக்கம் திருப்பி வைத்தார். கீழே ரிதம் பேடும் பேஸ் கிட்டாரும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், ரிவெர்பை மிக்ஸர்காரரே எல்லாருக்கும் வாரி வழங்குவார். ஆகவே ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஆம்ப் தலையில் ஒட்டிக் கொடுத்தேன்: கெயின் 3, பாஸ் 4, மிடில் 7, ட்ரெபிள் 5, ரிவெர்ப் 0. 'தொடாதே' என்று அடிக்கோடு வேறு.

மூன்றாவது பாட்டிலேயே கெயின் மாறிவிட்டது என்று தூரத்திலிருந்தே தெரிந்தது. குத்துப் பாட்டு, கூட்டம் எழுந்துவிட்டது, அவன் கையும் எழுந்துவிட்டது. ஆனால் சரணத்தில் பாடகர் வரும்போது கிட்டாரின் வால்யூம் திருகைச் சுண்டுவிரலால் இறக்கி, இசைத்துண்டு வரும்போது ஏற்றிக்கொண்டிருந்தான். அதை அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததாகத் தெரியவில்லை. நைனா ஜெனரேட்டருக்குத் தள்ளி, கோயில் மதில் பக்கம் காது மெஷினோடு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலையில் ஆம்ப் திரும்பி வந்தது. ஸ்டிக்கரில் என் எண்களை அடித்துவிட்டு பால்பாயிண்ட் பேனாவில் எழுதியிருந்தான்: கெயின் 5, மிடில் 8. மற்றதை அப்படியே விட்டிருந்தான்.

"ண்ணா, அடுத்த வெள்ளிக்கெயம சுண்ணாம்புக்கொளத்துல புரோகிராம் இருக்குது" என்றான். பெட்டியைக் கீழே வைக்கவே இல்லை.